எட்மன்டன் ஆயிலர்ஸ், 1979-80: முதல் என்.எச்.எல். சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி ஹாக்கி பற்றிப் பேச்சு எடுத்தால் வேய்ன் கிரெட்ஸ்கியின் பெயர் வராமல் இருப்பதில்லை. பெயர் வந்ததும், எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்காக அவர் ஆடிய முதல் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்) சீசனைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

ஆயிலர்ஸ் 1979-இல் தொடங்கிய அணிதானே? அதற்கு முன்பே ஆடினார்கள் என்று சிலர் சொல்கிறார்களே?

அணி பிறந்தது 1972-இல். அந்த ஆண்டு ஆடத் தொடங்கிய உலக ஹாக்கி சங்கம் (டபிள்யூ.எச்.ஏ.) என்ற லீக்கின் தொடக்க அணிகளில் இதுவும் ஒன்று. முதல் சீசனில் ஆல்பர்ட்டா ஆயிலர்ஸ் என்று பெயர். அடுத்த சீசனில் எட்மன்டன் ஆயிலர்ஸ் ஆனது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் பெட்ரோலிய வளத்தால் வாழும் பகுதி என்பதால் அந்தப் பெயர்.

1979 அக்டோபரில்தான் தேசிய ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) முதல் ஆட்டம் ஆடினார்கள். லீக்கின் பதிவேடுகள் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய ஏழு சீசன்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை. கீழே வரும் பல குழப்பங்களுக்கு வேர் இதுதான்.

என்.எச்.எல். இருக்கும்போது இன்னொரு லீக் எதற்கு?

பணம்தான் காரணம். என்.எச்.எல். பல பெரிய ஊர்களுக்கு அணி தரவில்லை. ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த சம்பளமும் குறைவு. புதிய லீக் இரண்டு ஓட்டைகளையும் பயன்படுத்திக்கொண்டது. சிகாகோவின் நட்சத்திரமான பாபி ஹல்லை 1972-இல் வின்னிபெக் ஜெட்ஸ் பத்து லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து இழுத்தபோது, மற்ற ஆட்டக்காரர்களின் சம்பளமும் ஏறத் தொடங்கியது.

போட்டியில் இரு பக்கமும் காசு கரைந்தது. டபிள்யூ.எச்.ஏ. அணிகள் பல திவாலாயின, பல ஊர் மாறின. 1978-79 சீசன் முடியும்போது ஆறு அணிகள்தான் மிச்சம்.

பீர் புறக்கணிப்பால்தான் எட்மன்டனுக்கு இடம் கிடைத்தது என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. 1979 மார்ச் 8-ஆம் தேதி ஃபுளோரிடாவின் கீ லார்கோவில், டபிள்யூ.எச்.ஏ. அணிகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று என்.எச்.எல். அணிகளின் உரிமையாளர்கள் வாக்களித்தார்கள். 17 அணிகளில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 13 வாக்குகள் வேண்டும். கிடைத்தவை 12. எதிர்த்தவை பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், மான்ட்ரியால், டொரான்டோ, வான்கூவர். ஒரே வாக்கில் தோற்றது.

மான்ட்ரியால் அணியின் உரிமையாளர் மோல்சன் பீர் நிறுவனம். தங்கள் ஊர் அணிக்கு இடம் மறுக்கப்பட்ட எட்மன்டன், வின்னிபெக், கியூபெக் நகர மக்கள் மோல்சன் பீரைக் குடிக்க மறுத்தார்கள். அந்தப் புறக்கணிப்பு வான்கூவர் வரை சுட்டது. இரண்டே வாரத்தில், மார்ச் 22 அன்று, சிகாகோவில் மறுவாக்கெடுப்பு நடந்தது. மான்ட்ரியாலும் வான்கூவரும் பக்கம் மாற, 14-3 என்று நிறைவேறியது. எட்மன்டன், வின்னிபெக், கியூபெக், ஹார்ட்ஃபர்ட் ஆகிய நான்கு அணிகளுக்கு அனுமதி. சின்சினாட்டிக்கும் பர்மிங்ஹாமுக்கும் இழப்பீடு கொடுத்துக் கடையை மூடச் சொன்னார்கள்.

கனடாவில் ஹாக்கி மீது எவ்வளவு வெறி என்று கேட்பவர்களுக்கு நான் வேறு எடுத்துக்காட்டு தேடுவதில்லை. ஒரு ஊரே பீரை விட்டிருக்கிறது.

இரண்டு லீக்குகள் ‘இணைந்தன’ என்றால் ஆட்டக்காரர்களும் அப்படியே வந்துவிட்டார்கள்தானே?

இல்லை. இணைப்பு என்று பொதுவாகச் சொல்கிறார்கள், என்.எச்.எல். அதை விரிவாக்கம் என்றுதான் குறித்துக்கொண்டது. நான்கும் புதிய அணிகளாகவே கருதப்பட்டன. ஒவ்வொன்றும் 60 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்டியது.

அதைவிடக் கொடுமை ஆட்டக்காரர்கள் விஷயம். டபிள்யூ.எச்.ஏ.-வில் ஆடிய ஒருவர்மீது பழைய என்.எச்.எல். அணி எதற்காவது உரிமை இருந்தால், அந்த அணி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். புதிய அணி காப்பாற்றக்கூடியது இரண்டு களவீரர்களையும் இரண்டு கோல்கீப்பர்களையும் மட்டுமே. பாத்திரம் பண்டங்களையெல்லாம் தெருவில் வைத்துவிட்டுக் குடிவரலாம், ஆனால் முன்பணம் முழுதாகக் கட்டவேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னதுபோல. எட்மன்டனின் முந்தைய சீசன் கேப்டன் பால் ஷ்மிர் மினசோட்டாவுக்குப் போனார். கடைசி டபிள்யூ.எச்.ஏ. கோப்பையை வென்ற வின்னிபெக் கென்ட் நில்சனையும் டெர்ரி ருஸ்கோவ்ஸ்கியையும் இழந்தது.

காலியான இடங்களை ஜூன் 13 அன்று நடந்த விரிவாக்க டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) நிரப்பிக்கொள்ளலாம். பழைய அணிகள் தலா 15 களவீரர்களையும் 2 கோல்கீப்பர்களையும் ஒதுக்கி வைத்தபின் மிஞ்சியவர்களே அங்கே கிடைத்தார்கள்.

அப்படியானால் கிரெட்ஸ்கியை மட்டும் எப்படித் தக்கவைத்தார்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1978-இல் நெல்சன் ஸ்கால்பானியா என்ற தொழிலதிபர் 17 வயது கிரெட்ஸ்கியைத் தன் இண்டியானாபோலிஸ் ரேசர்ஸ் அணிக்காக ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தம் அணியோடு அல்ல, ஸ்கால்பானியாவோடு. எட்டே ஆட்டங்கள் முடிந்தன; அணியில் பணம் இல்லை. நவம்பரில் அவரை, கோல்கீப்பர் எடி மியோ, பீட்டர் டிரிஸ்கல் ஆகியோரோடு சேர்த்து, ஆயிலர்ஸ் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனிடம் விற்றார். பாக்லிங்டன் 1979 ஜனவரி 26 அன்று, கிரெட்ஸ்கியின் 18-ஆவது பிறந்தநாளில், ஆயிலர்ஸின் அரங்கமான நார்த்லண்ட்ஸ் கொலீசியத்தின் நடு மைதானத்தில் மேசை போட்டு 21 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். இதுவும் தனிநபர் ஒப்பந்தமே.

இணைப்பின்போது இது உதவியது. என்.எச்.எல். அணி எதுவும் கிரெட்ஸ்கியை அதுவரை டிராஃப்டில் எடுத்ததில்லை. ஆகவே ‘எங்கள் ஆள்’ என்று உரிமை கொண்டாட யாரும் இல்லை. ஆனால் அவர் வயதுக்காரர்களை லீக் பொது டிராஃப்டில் போடச் சொல்லியிருக்கலாம். பர்மிங்ஹாம் அணியின் இளைஞர்களான ராப் ராமேஜ், ரிக் வைவ், மிஷேல் கூலே ஆகியோர் அப்படித்தான் டிராஃப்டுக்குப் போனார்கள். ராமேஜ் முதல் ஆளாகவே தேர்வானார். கிரெட்ஸ்கியைப் போட்டால் பாக்லிங்டனோடு நீதிமன்றத்தில் நிற்கவேண்டியிருக்கும். கடைசியில் அவரைக் காப்பாற்றப்பட்ட ஆட்டக்காரர்களில் ஒருவராக ஆயிலர்ஸ் வைத்துக்கொள்ள லீக் சம்மதித்தது. அந்த ஒரு விட்டுக்கொடுத்தல் இல்லாவிட்டால் அடுத்த பத்து வருட ஹாக்கி வரலாறு வேறு ஊரில் நடந்திருக்கும்.

டிராஃப்டில் கடைசியாக நின்ற அணி மார்க் மெசியரை எப்படிப் பிடித்தது?

சாதாரணமாகப் பலவீனமான அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும். இந்த நான்கு அணிகளையோ வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். எட்மன்டன் 21-ஆவது, அதாவது கடைசிக்கும் கடைசி. அந்த இடத்தில் தடுப்பாட்டக்காரர் கெவின் லோவை எடுத்தார்கள்.

மெசியர் கதை சுவையானது. ஆயிலர்ஸின் முரட்டு வீரர் டேவ் செமென்கோவை மினசோட்டா உரிமை கோரி எடுத்துக்கொண்டது. டபிள்யூ.எச்.ஏ. வரலாற்றின் கடைசி கோலை அடித்தவர் அவர். அவரைத் திரும்பப் பெறுவதற்காக எட்மன்டன் தன் இரண்டாம், மூன்றாம் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தது. பதிலுக்குச் செமென்கோவோடு மினசோட்டாவின் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றும் வந்தது. அந்த வாய்ப்பில், 48-ஆவது ஆளாக, எட்மன்டன் ஊர்க்காரரான மெசியரை எடுத்தார்கள். 69-ஆவதாகக் கிளென் ஆண்டர்சன். லோ, மெசியர், ஆண்டர்சன் மூவரும் பின்னாளில் ஹாக்கி புகழரங்கில் இடம்பெற்றார்கள். கடைசியில் நின்று இப்படி ஒரு டிராஃப்ட் நடத்திய அணியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

முதல் ஆட்டத்தில் கிரெட்ஸ்கி கோல் அடித்தாரா?

அடிக்கவில்லை. 1979 அக்டோபர் 10, சிகாகோவில். ஆயிலர்ஸ் 4-2 என்று தோற்றது. அணியின் முதல் என்.எச்.எல். கோலை அடித்தவர் கெவின் லோ. பக்கை (ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) கடத்திக் கொடுத்து அதற்கு அசிஸ்ட் பெற்றவர்களில் கிரெட்ஸ்கி ஒருவர். அவருடைய முதல் கோல் அக்டோபர் 14 அன்று எட்மன்டனில், வான்கூவரின் கோல்கீப்பர் கிளென் ஹான்லனுக்கு எதிராக வந்தது. ஆட்டம் 4-4 என்று சமனில் முடிந்தது.

28-39-13 என்று போட்டிருக்கிறது. வென்றதைவிடத் தோற்றது அதிகம். பிறகு எப்படி பிளே-ஆஃபுக்குப் போனார்கள்?

28 வெற்றி, 39 தோல்வி, 13 சமன். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1, மொத்தம் 69. வழக்கமான ஆட்டங்களில் ஓவர்டைம் (கூடுதல் நேரம்) அப்போது கிடையாது என்பதால் சமன் நிறைய வரும். 

நான்கு அணிகள் சேர்ந்ததும் லீக்கில் 21 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 20 அணிகளோடு தலா நான்கு முறை ஆடி 80 ஆட்டங்களை முடித்தது. பிறகு ஒட்டுமொத்தப் பட்டியலில் முதல் 16 அணிகள் பிளே-ஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளுக்குப் போயின. ஆயிலர்ஸ் சரியாக 16-ஆவது இடம். 67 புள்ளிகள் எடுத்த வாஷிங்டன் வெளியே நின்றது. ‘ஸ்மைத் பிரிவில் நான்காம் இடம்’ என்று சில பட்டியல்களில் பார்த்துக் குழம்பவேண்டாம். அந்த வருடம் பிரிவு வெறும் பெயருக்குத்தான்.

அணியில் கிரெட்ஸ்கியைத் தவிர வேறு யாருமே இல்லையா?

இருந்தார்கள், பெயர்கள்தான் மறந்துபோயின. கிரெட்ஸ்கியோடு ஒரே வரிசையில் ஆடிய பிளேர் மக்டானல்ட் 46 கோல்கள் அடித்து 94 புள்ளிகள் (கோல்களும் அசிஸ்ட்களும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். இதே வரிசையில் பிரெட் காலிஹன். அணி மொத்தமாக 301 கோல்கள் அடித்தது. குறை சொல்ல இடமில்லை. வாங்கியது 322, அங்கேதான் தொல்லை.

18 வயதில் நுழைந்த மெசியர் 75 ஆட்டங்களில் 12 கோல்கள். விமானத்தைத் தவறவிட்டதற்காகப் பயிற்சியாளர் கிளென் சாதர் அவரைச் சில நாள் ஹூஸ்டனில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பினார். பிற்காலத்தில் ஆறு கோப்பைகளைத் தூக்கிய, தலைமைப் பண்புக்கே பேர்போன மனிதரின் தொடக்கம் இது.

ஒரு சீசனில் ஆறு கோல்கீப்பர்களா? அச்சுப் பிழையா?

அச்சுப் பிழை இல்லை. எடி மியோ, டேவ் டிரைடன், ஜிம் கோர்சி, டான் கட்ஸ், பாப் டுப்வி, ரான் லோ. முந்தைய சீசனில் டபிள்யூ.எச்.ஏ.-வின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான டிரைடன் 14 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். கோர்சியின் பெயர் ஹாக்கிப் புள்ளிவிவரம் படிப்பவர்களுக்குப் பழக்கமானது. கோலை நோக்கி எத்தனை முறை அடித்தார்கள் என்று எண்ணும் ‘கோர்சி’ கணக்கு இவர் பெயரில்தான் வழங்குகிறது.

மார்ச் மாதம் ரான் லோ வந்த பிறகே கோல் பக்கம் ஓரளவு அடைபட்டது. 11 ஆட்டங்களில் 8 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். அந்த 17 புள்ளிகள் வராமல் இருந்திருந்தால் பிளே-ஆஃப் பேச்சுக்கே இடமில்லை. கிரெட்ஸ்கி அணியைத் தனியாக பிளே-ஆஃபுக்குத் தூக்கிச் சென்றார் என்று எழுதுபவர்கள் இந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள்.

ரான் லோவுக்குப் பதிலாகக் கேப்டனையே கொடுத்தார்களாமே?

ஆம். கேப்டன் ரான் சிப்பர்ஃபீல்டைக் கியூபெக்குக்கு அனுப்பினார்கள். அந்த நேரத்தில் அவருடைய தாயார் மரணப் படுக்கையில் இருந்தார். கணக்குப் பார்த்தால் எட்மன்டனுக்கு லாபமான பரிமாற்றம். மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் பார்த்தால் இந்த சீசனின் அசிங்கமான பக்கம். கேப்டன் பொறுப்பு மக்டானல்டுக்குப் போனது. அவரையும் அடுத்த சீசனில் வான்கூவருக்கு அனுப்பினார்கள்.

கிரெட்ஸ்கியும் டியோனும் 137 புள்ளிகள்தான். பிறகு ஏன் டியோனுக்கு மட்டும் விருது?

ஒரு ஆட்டக்காரரின் கோல்களையும் அசிஸ்ட்களையும் கூட்டினால் வருவதுதான் அவருடைய புள்ளி. லாஸ் ஏஞ்சலஸின் மார்செல் டியோன் 53 கோல், 84 அசிஸ்ட். கிரெட்ஸ்கி 51 கோல், 86 அசிஸ்ட். புள்ளிகள் சமமானால் கோல் அதிகம் அடித்தவருக்கே ஆர்ட் ராஸ் கோப்பை என்பது விதி. டியோன் 80 ஆட்டங்களும் ஆடினார், கிரெட்ஸ்கி 79.

விதி விதிதான். ஆனாலும் 19 வயதில் 50 கோலைத் தாண்டியவருக்கு, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை கிடைத்தது. தொடர்ந்து எட்டு வருடம் அதை வேறு யாருக்கும் அவர் விடவில்லை. கண்ணியமான ஆட்டத்துக்கான லேடி பிங் கோப்பையும் அவருக்கே.

மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுத்தவர்கள் சிறந்த புதுமுகம் விருதை ஏன் மறுத்தார்கள்?

டபிள்யூ.எச்.ஏ.-வில் ஒரு சீசன் ஆடிவிட்டதால் அவர் புதுமுகம் அல்ல என்பது லீக்கின் வாதம். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை பாஸ்டனின் ரே பூர்க்குக்குப் போனது. பூர்க் தகுதியானவர், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அடுத்த வருடமே, செக்கோஸ்லோவாக்கியாவின் உயர்மட்ட லீக்கில் பல வருடம் ஆடி, 24 வயதில் வந்த பீட்டர் ஸ்டாஸ்னிக்குக் கால்டர் கொடுத்தார்கள். 1990-இல் 31 வயது செர்கெய் மகாரோவுக்கும் கிடைத்தது. அவர் அதற்கு முன் சோவியத் அணியில் உலகப் புகழ் பெற்றவர். அதன் பிறகுதான் வயது வரம்பு வைத்தார்கள். 

டபிள்யூ.எச்.ஏ. கோல்கள் கிரெட்ஸ்கியின் 894-இல் சேருமா?

சேராது. 894 முழுவதும் என்.எச்.எல். கோல்கள். பழைய லீக்கில் அடித்த 46 தனி. 2025 ஏப்ரலில் அலெக்ஸ் ஒவெச்கின் 895-ஆவது கோலை அடித்து அவரை முந்தியபோது இந்த 46 பற்றிய விவாதம் மீண்டும் எழுந்தது.

இதை மேலே உள்ள பதிலோடு சேர்த்துப் படியுங்கள். புதுமுக விருதை மறுக்கும்போது டபிள்யூ.எச்.ஏ. ஒரு பெரிய லீக். கோல்களை எண்ணும்போது அது லீக்கே இல்லை. ஆட்டக்காரர்களைத் திரும்ப எடுக்கும்போது அங்கே போட்ட ஒப்பந்தங்களுக்கு மதிப்பில்லை. நுழைவுக் கட்டணம் வசூலிக்கும்போது அதே அணிகள் 60 லட்சம் டாலர் பெறுமானம். எந்தப் பக்கம் சாய்ந்தால் லாபமோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பதே என் கருத்து.

பிளே-ஆஃபில் மூன்று ஆட்டங்களும் தோற்றார்களே, பெருமைப்பட என்ன இருக்கிறது?

எதிரணி யாரென்று பார்க்கவேண்டும். 116 புள்ளிகளோடு முதலிடம் பிடித்த ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ். அந்த சீசனில் தொடர்ந்து 35 ஆட்டங்கள் தோற்காமல் இருந்த அணி. அந்தச் சாதனையை இன்றுவரை என்.எச்.எல்-இல் யாரும் முறியடிக்கவில்லை.

முதல் ஆட்டம் ஓவர்டைம் வரை போய் 4-3. வெற்றி கோல் பாபி கிளார்க். இரண்டாவது 5-1, அதில் பேச ஒன்றுமில்லை. மூன்றாவது எட்மன்டனில், இரண்டாவது ஓவர்டைமில் கென் லின்ஸ்மன் அடித்து 3-2. பதினாறாம் இடத்து அணி முதலிடத்து அணியை மூன்றில் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்கு இழுத்தது. 

கூட வந்த மற்ற மூன்று அணிகள் என்ன ஆயின?

ஹார்ட்ஃபர்ட் 73 புள்ளிகளோடு ஆயிலர்ஸைவிட மேலே முடித்தது. அங்கே கோர்டி ஹோ, சீசன் முடிவதற்குள் 52 வயதைத் தொட்டவர், தன் மகன்களோடு சேர்ந்து ஆடினார். 80 ஆட்டங்களிலும் களமிறங்கி 15 கோல்கள். கியூபெக் 61, வின்னிபெக் 51. வின்னிபெக்தான் முந்தைய கோடையில் இறுதிப் போட்டியில் எட்மன்டனை வென்ற அணி என்பதை நினைத்தால், ஆட்டக்காரர்களைத் திரும்ப எடுத்த விதி எவ்வளவு சேதம் செய்தது என்று புரியும்.

1990-களில் மற்ற மூன்று அணிகளும் ஊரை விட்டுப் போயின. வந்த ஊரிலேயே, வந்த பெயரிலேயே இன்றும் ஆடுவது எட்மன்டன் மட்டும்.

வேகாஸ் அணி முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்குப் போனது. அதோடு ஒப்பிட்டால் ஆயிலர்ஸ் சுமார்தானே?

2017-18-இல் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் 109 புள்ளிகள் எடுத்து இறுதிவரை சென்று வாஷிங்டனிடம் 4-1 என்று தோற்றது. பெரிய சாதனைதான். ஆனால் அவர்கள் 50 கோடி டாலர் கட்டினார்கள். பழைய அணிகள் ஒதுக்கிவைக்கக்கூடிய ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையை லீக் வெகுவாகக் குறைத்து, நல்ல ஆட்களே கிடைக்கும்படி செய்தது. வேகாஸிடம் இருந்து பறிக்க ஒன்றும் இல்லை. எட்மன்டனிடம் இருந்ததைப் பறித்துவிட்டு, மிச்சத்தில் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆகவே இந்த ஒப்பீடு எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

1979-80 அணிதான் பிறகு ஐந்து கோப்பைகளை வென்றதா?

முழுவதும் இல்லை. கிரெட்ஸ்கி, மெசியர், கெவின் லோ, செமென்கோ போன்ற சிலர் தவிர மற்றவர்கள் விரைவில் போய்விட்டார்கள். ஆண்டர்சன் டிராஃப்டில் எடுக்கப்பட்டிருந்தாலும் 1980-இல்தான் அணிக்காக ஆட வந்தார். அந்த வருட டிராஃப்டில் பால் காஃபி, யாரி குர்ரி, ஆன்டி மூக் கிடைத்தார்கள். குர்ரியும் 69-ஆவது ஆள்தான், முந்தைய வருடம் ஆண்டர்சன் எடுக்கப்பட்ட அதே எண்.

இரண்டாவது சீசனின் பிளே-ஆஃப் முதல் சுற்றில் மான்ட்ரியாலை 3-0 என்று துடைத்தெறிந்தார்கள். முதல் ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். சாம்பியன் பட்டம்) 1984-இல். பிறகு 1985, 1987, 1988, கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்கப்பட்ட பின் 1990. அந்த ஐந்தாவது கோப்பையை வாங்கிய கேப்டன் மெசியர்.